மரி-ஜோசெஃப்தின் கல்லறை எங்கே?

அத்தியாயம் 5

"அந்தக் கார் கழுவுறவன் ரம்பத்தோட இந்தப் பக்கம் வந்தான்னா, மரத்துல போடுற ஓட்டையை அவன் தொப்பையில போடுவேன். போய்ச் சொல்லுங்க!"

துளைக்கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஸேலியா லாதூசேர் இதைச் சொன்னதால் அல்சீத் பெல்யூமேர் ஓரடி பின்னால் நகர்ந்தார். பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். என் பூட்ஸை நன்றாக மிதித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

லாதூசேர் என்றால் மென்மை. பெல்யூமேர் என்றால் குஷியான ஆசாமி. இந்தக் குஷியான ஆசாமியின் முகத்தைப் பார்த்தால் காலையில் யாரோ விளக்கெண்ணெய் புகட்டி அனுப்பியதுபோல் இருக்கும். என் பெயர் ஓடீல் சான்ரெக்ரே, 'வருத்தமே இல்லாதவள்'. இவரிடம் உதவியாளராகச் சேர்ந்த பிறகு நான் வருத்தப்படாத நாள் கிடையாது. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சு ராஜாவின் பட்டாளத்தில் எவனோ ஒரு காப்டன் பொழுதுபோகாமல் சிப்பாய்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துவிட்டுப் போனான். வாரிசுகள் நாங்கள் இன்னமும் அதை வங்கியிலும் தபாலாபீஸிலும் சொல்லிக்கொண்டு நிற்கிறோம்.

எங்கள் தொழில் வாரிசு தேடுவது. வழக்கமாக உயில்களைக் கவனிக்கும் நோட்டரிகள்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை கூப்பிட்டது ஸேலியா. சேன்-ஓவீத் ஊருக்கு மேலே இருக்கும் இந்த மேப்பிள் தோப்பு ஆன்தீம் ருவேல் என்ற கிழட்டு பிரம்மச்சாரிக்குச் சொந்தம். அதைக் குத்தகைக்கு எடுத்து, மரத்தில் நீர் இறக்கி, பாகு காய்ச்சி, இருபது வருஷமாகப் பிழைத்துவருகிறாள் ஸேலியா. ஆன்தீம் ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். கொள்ளுத்தாத்தா நார்சிஸ் ருவேலின் வம்சத்தில் தனக்கு மிக நெருங்கிய ரத்தம் யாரோ அவருக்குத் தோப்பு, அப்படி யாருமே இல்லையென்றால் ஊர்க் கோயிலுக்கு. இதுதான் அவர் உயில்.

நெருங்கிய ரத்தம் உடனே முளைத்துவிட்டது. நகரத்தில் கார் கழுவும் கடைகள் வைத்திருக்கும் க்ளோடோமிர் ருவேல். ருவேல் என்றாலும் ஆற்றுக்கு அந்தக் கரை ருவேல், இந்தக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் தன் கொள்ளுப்பாட்டி மரி-ஜோசெஃப்த் இந்த நார்சிஸின் மகள் என்று தங்க முலாம் பூசிய வம்ச வரைபடம் ஒன்றைச் செய்து கொண்டுவந்திருக்கிறான். அவனுக்குப் பாகு வேண்டாம், கோல்ஃப் மைதானம் வேண்டுமாம். வெட்ட வேண்டிய மரங்களுக்கு இப்போதே ஆரஞ்சுப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். நோட்டரி இன்று மாலை முடிவு சொல்கிறார்.

"என் மரம் ஒவ்வொண்ணுலயும் பெயின்ட்! பேழையே! திருக்கிண்ணமே! நற்கருணைத் தட்டே!" என்றாள் ஸேலியா. எங்கள் பக்கம் கெட்ட வார்த்தை எல்லாம் கோயில் சாமான்கள்தான். கோபம் ஏற ஏற பீடத்தை நெருங்கிப் போவோம்.

"சரி மதாம், அவன் உறவு இல்லன்னே வச்சுக்குவோம்," என்றேன். "தோப்பு கோயிலுக்குப் போகும். அப்புறம்?"

"அப்புறம் என்ன? பங்குச் சாமியார் அதை வித்துக் கோயில் கூரையை ரிப்பேர் பண்ணுவாரு. வாங்குறதுக்கு எனக்கு வக்கு ஏது? ஆனா கோயிலுக்குன்னா ஒரு வருஷமாவது தள்ளிப்போகும். இந்த வசந்தமாவது காய்ச்சிக்குவேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு வசந்தம். காய்ச்சும் தொட்டியிலிருந்து எழுந்த ஆவி அவள் முகத்தில் படிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. பெல்யூமேருக்கு எப்படி இருந்தது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

"நீங்க யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார் அவர். எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி இது. பெல்யூமேர் அதைக் கடைசியாகக் கேட்பார்.

"லியோ லாதூசேர் மக. சேன்-மலாக்கியிலேர்ந்து அப்பா இங்க குடிவந்தாரு. அதனால இந்த ஊருக்கு நாங்க இன்னும் வெளியூர்தான்."

"லியோவோட அப்பா?"

"தெயோஃபில். அவரோட அப்பா நார்சிஸ் லாதூசேர், அம்மா யூஃப்ரோசின் கீரியோன். ரெண்டு பேரும் சேன்-மலாக்கியில ஒரே கல்லுக்கு அடியில படுத்திருக்காங்க. அதுக்கு மேல கேக்காதீங்க. நார்சிஸ் எங்க பொறந்தாரு, யாருக்குப் பொறந்தாருன்னு ஒரு சாமியாரும் எழுதி வைக்கல. வானத்துலேர்ந்து குதிச்சிருப்பாரு."

"அங்கேயும் ஒரு நார்சிஸ், இங்கேயும் ஒரு நார்சிஸ்," என்றேன்.

"கல்லறைத் தோட்டத்துல நின்னு நார்சிஸுன்னு கூப்பிட்டுப் பாரு, பாதிப் பேர் எழுந்து நிப்பாங்க," என்றாள் ஸேலியா. அது உண்மைதான். ஆணாகப் பிறந்தால் ஜோசெஃப், பெண்ணாகப் பிறந்தால் மரி, அதற்குமேல் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் அந்த வருஷம் எது மலிவோ அது.

பெல்யூமேர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "வா ஓடீல். மரி-ஜோசெஃப்த் எங்க புதைஞ்சிருக்கான்னு பாத்துட்டு வருவோம்."

*

பங்குத்தந்தை வால்மோர் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தார். அவர் வீட்டு முன்னறையில் வாளிகள் வரிசையாக இருந்தன. பனி உருகி, கூரை வழியாக அவற்றில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கோயில்ல இன்னும் மோசம்," என்றார். "போன ஞாயித்துக்கிழமை நான் தெளிக்காமலே பாதிப் பேருக்குத் தீர்த்தம் ஆயிருச்சு. உக்காருங்க, உக்காருங்க. கறி வச்சுச் சுட்ட பலகாரம் சூடா இருக்கு. அந்த க்ளோடோமிரை எப்படியாவது மடக்கிட்டீங்கன்னா..." சொல்லிவிட்டுச் சட்டென்று அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாம் கடவுள் சித்தம்."

"கடவுள் சித்தம்னா கூரைக்குத் தகரமா, ஓடா சாமி?" என்று கேட்டேன்.

"தகரம்," என்றார் யோசிக்காமல்.

பெல்யூமேர் ஏற்கெனவே வேலையை ஆரம்பித்திருந்தார். மரி-ஜோசெஃப்தை எங்கே அடக்கம் செய்தார்கள்? சாமிக்குத் தெரியவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லறையிலும் இல்லை. அது போகட்டும், அவளுடைய அப்பா நார்சிஸ் ருவேலை எங்கே அடக்கம் செய்தார்கள்?

"அதுதான் வேடிக்கை," என்றார் சாமி. "பணக்காரர், ஊர்ப் பெரிய மனுஷர். ஆனா அவருக்கு இங்க கல்லறையே கிடையாது. நானும் தேடிப் பாத்துட்டேன்."

"அப்பனும் சாகல, மகளும் சாகல," என்றேன். "சார், நாம வாரிசு தேட வந்தோமா, அமரத்துவ மருந்து தேட வந்தோமா?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவைத் தட்டாமல் ஒருவன் உள்ளே வந்தான். ஒட்டகநிறக் கோட்டு, வாசனைத் தைலம், கக்கத்தில் சுருட்டிய பெரிய தோல் காகிதம். க்ளோடோமிர் ருவேல்தான்.

"என்னைப் பத்தித்தான் பேசிட்டிருப்பீங்கன்னு தெரியும்," என்று சிரித்தான். "ஒளிச்சு மறைக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. நல்லாப் பாத்துக்கங்க."

மேஜைமேல் விரித்தான். பலகாரத் தட்டைச் சாமி அவசரமாகத் தூக்கிக்கொண்டார். மரம் அழகாகத்தான் இருந்தது. கிளைகளில் தங்கம், இலைகளில் பச்சை. பூமியில் நிற்கும் மரங்களை வெட்டப்போகிறவன் காகிதத்தில் இவ்வளவு பெரிய மரம் வளர்த்திருக்கிறானே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இதோ என் கொள்ளுப்பாட்டி," என்று விரல் வைத்தான். "ஞானஸ்நானம் 1873. கோயில் பதிவேட்டு அட்டவணையில இருந்ததை எங்க ஆள் அப்படியே எடுத்து எழுதியிருக்கான். படிச்சுப் பாருங்க."

பெல்யூமேர் படித்தார். "'நார்சிஸ் ருவேலின் மரி-ஜோசெஃப்த்-எலோடி. மேதகு ஆயர் தம் கையாலேயே ஞானஸ்நானம் கொடுத்தார். ஞானப்பெற்றோர் பன்னிரண்டு ஜோடி.'"

"கவனிச்சீங்களா? ஆயரே நேர்ல வந்திருக்காரு! சாதாரணக் குழந்தைக்கு ஒரு ஞானத்தகப்பன், ஒரு ஞானத்தாய். எங்க பாட்டிக்குப் பன்னெண்டு! டாக்டர், மில் முதலாளி, சட்டசபை உறுப்பினர், எல்லாரும் வரிசையில நின்னிருக்காங்க. அந்தஸ்துன்னா அது!"

"அம்மா பேரு?" என்றார் பெல்யூமேர்.

"என்னது?"

"குழந்தையோட அம்மா பேரைக் காணோம்."

"சாமியார் எழுத மறந்திருப்பாரு."

வால்மோர் சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க சாமியாருங்க எழுத மறப்பாங்களா? முறை தவறிப் பொறந்த குழந்தைக்குக்கூட, அப்பன் பேரைத்தான் விடுவோம். அம்மா பேரை விட்டதே கிடையாது!"

"அப்ப ஆயரைப் பாத்த பயத்துல விட்டிருப்பாரு," என்றான் க்ளோடோமிர் அலட்சியமாக. "ருவேல் பேர் இருக்கில்ல, அது போதும். இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. எங்க வீட்டுல இன்னிக்கும் சொல்லுவாங்க, கொள்ளுப்பாட்டிக்குத் தொண்டை அப்படியாம். இந்தக் கரையில நின்னு கூப்பிட்டா அந்தக் கரைக்குக் கேக்குமாம்."

"செத்தது எப்போ?" என்றார் பெல்யூமேர்.

"அது கிடைக்கல. செத்துருப்பாங்க, அதுல சந்தேகமில்ல. இல்லன்னா வயசு நூறைத் தாண்டியிருக்கும்."

எனக்குப் பசி. சாமி கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒரு குழந்தையைத் தூக்க இருபத்துநாலு பேரா? என்ன கனம் கனத்திருக்கும்! பிள்ளையப் பெத்தாங்களா, வார்ப்படம் பண்ணுனாங்களா?"

அந்த நேரம் பார்த்து நண்பகல் மணி அடித்தது.

கோயில் பக்கத்து வீடு என்பதால், மணி அடித்தால் வாளித் தண்ணீரெல்லாம் நடுங்கும். சாமி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு திரிகால ஜெபத்தை முணுமுணுத்தார். க்ளோடோமிர் காதைப் பொத்திக்கொண்டான். பெல்யூமேர் மட்டும் அசையவில்லை. என்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. முதலில் பயந்துபோனேன்.

மணி நின்றதும் கேட்டார். "சாமி, இந்த மணிக்குப் பேர் உண்டா?"

"பேர் இல்லாம எப்படி? மனுஷங்க மாதிரியே ஞானஸ்நானம் குடுத்து, பேர் வச்சு, ஞானப்பெற்றோர் வச்சுத்தானே மணியைக் கூண்டுல ஏத்து..."

சாமியின் வாய் திறந்தபடியே நின்றது.

"ஞானஸ்நானம் யார் குடுப்பாங்க?"

"ஆ... ஆயர்தான் குடுப்பாரு."

"அம்மா?"

"மணிக்கு ஏதுப்பா அம்மா?" என்றார் சாமி. பிறகு மேஜைமேல் இருந்த தங்க மரத்தைப் பார்த்தார். பிறகு க்ளோடோமிரைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்ததில் கண்ணில் நீர் முட்டியது. "இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாச்சு, நான் மேல ஏறிப் பாத்ததே இல்ல. முழங்கால் வலி. மோட்டார்தான் அடிக்குது. பேர் என்னன்னு எனக்கே தெரியாது."

"முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"

"பறக்குது!" என்று எழுந்தார் சாமி.

*

மணிக்கூண்டுப் படிக்கட்டில் முதலில் சாமி ஓடினார். டார்ச்சும் அவர் கையில்தான். பின்னால் நாங்கள். எங்களுக்கும் பின்னால், "இது அவமானம், வக்கீலைக் கூப்பிடுவேன்," என்று மூச்சிரைத்துக்கொண்டு, தங்க மரத்தை அப்படியே அள்ளிக்கொண்டு க்ளோடோமிர். ஒட்டகநிறக் கோட்டில் ஒட்டடை ஒட்டிக்கொண்டே வந்தது. அதற்காகவே இன்னும் உயரமாகக் கட்டியிருக்கலாம் என்று நினைத்தேன்.

மேலே காற்று முகத்தை அறுத்தது. கீழே ஆற்றில் பனிப்பாளங்கள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. புறாக்கள் படபடவென்று கலைந்தன. நடுவே அவள் தொங்கினாள். கரும்பச்சை நிறம், அகலமான இடுப்பு, நல்ல ஆகிருதி. உடம்பைச் சுற்றி வார்ப்பெழுத்துகள். பாதிக்குமேல் தலைமுறை தலைமுறையாகப் புறாக்கள் செய்த திருப்பணியில் மூடிக் கிடந்தன.

சாமி டார்ச்சை அடித்துப் பிரசங்கம் செய்கிற குரலில் வாசித்தார். "'என் பெயர் மரி-ஜோசெஃப்த்-எலோடி!'"

க்ளோடோமிர் எங்களுக்கு நடுவே தலையை நீட்டி எழுத்துகளைப் பார்த்தான்.

"கும்பிட்டுக்கங்க முசியே," என்றேன் க்ளோடோமிரிடம். "கொள்ளுப்பாட்டி சாகல. நல்லாத்தான் இருக்காங்க. தினம் மூணு வேளை குரலும் குடுக்கறாங்க."

"மணியா?" என்றான் அவன். "என் பாட்டி... மணியா?"

"உங்க பாட்டி மரி-ஜோசெஃப்த் எங்கேயோ ஒழுங்காப் பொறந்து ஒழுங்காச் செத்திருப்பாங்க," என்றார் பெல்யூமேர். "இந்த மாகாணத்துல அந்தப் பேர்ல ஆயிரம் பேர். உங்க ஆள்கிட்ட இந்த ஊர்ல ஒண்ணு வேணும்னு சொன்னீங்க, இருந்த ஒண்ணை எடுத்துக் குடுத்துட்டான். 'நார்சிஸ் ருவேலின்'னு எழுதியிருந்தது. நார்சிஸ் பெத்ததா, நார்சிஸ் குடுத்ததான்னு அவனும் பாக்கல, நீங்களும் கேக்கல. ஆயர் வந்தாருன்னதும் உச்சி குளிர்ந்துபோச்சு."

"ஆனா வரைபடத்துக்கு நான்... அதுல தங்க முலாம்..."

"பாட்டிக்கு வெண்கலம், பேரனுக்கு முலாம்," என்றேன். "குடும்பம் கொஞ்சம் நொடிச்சுத்தான் போயிருக்கு."

சாமிக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. கைக்குட்டையை எடுத்து எச்சத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். "எல்லாத்தையும் வாசிச்சிடுவோம். நோட்டரிகிட்ட வார்த்தைக்கு வார்த்தை சொல்லணும் இல்லையா? 'என்னைக் கொடையாகக் கொடுத்தவர் நார்சிஸ் ருவேல்...' ஆஹா, பேரே இருக்கு! நார்சிஸ் ருவேல்..."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்புறம்?" என்றார் பெல்யூமேர்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. மழுங்கிப்போச்சு."

"வெண்கலம் சாமி. அவ்வளவு லேசுல மழுங்காது."

சாமி கைக்குட்டையை எழுத்துமேல் வைத்தபடியே நின்றார். முகத்தில் இருந்த சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே பூசை வைக்கிற மனுஷர். அந்தக் கைக்குட்டை அங்கேயே இருந்திருந்தால் கோயிலுக்குத் தகரக் கூரை வந்திருக்கும். எங்களில் யாராலும் அவரைத் தள்ளிவிட்டுப் பார்த்திருக்க முடியாது, அவ்வளவு குறுகலான இடம். அவர் என்ன செய்வார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"பேழையே," என்றார் சாமி மெல்ல. ஒரு சாமியார் வாயில் அதைக் கேட்டது அதுதான் முதல் முறை. பிறகு கையை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பார்க்காமலே சொன்னார். "'நார்சிஸ் ருவேல் என்கிற லாதூசேர். அவர் மனைவி யூஃப்ரோசின் கீரியோன்.'"

'என்கிற.' போலீஸ் ஸ்டேஷன் பலகையில் திருடன் பெயரோடு போடுவார்களே, அதே 'என்கிற'தான். எங்கள் ஊரில் கௌரவமான குடும்பங்களுக்கெல்லாம் அது உண்டு. குடும்பப் பெயர் ஒன்று, பட்டாளத்தில் வைத்த பட்டப்பெயர் ஒன்று, நடுவில் ஒரு 'என்கிற'. ஒரே அப்பனுக்குப் பிறந்த அண்ணன் முன்பாதியை எடுத்துக்கொண்டு போவான், தம்பி பின்பாதியை எடுத்துக்கொண்டு போவான். மூன்று தலைமுறை கழிந்தால் இரண்டு வீடும் ஒன்றையொன்று வெளியூர் என்று திட்டிக்கொண்டிருக்கும்.

"ஸேலியா," என்றேன்.

"காலையிலேர்ந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு," என்றார் பெல்யூமேர். "இங்க ஒரு நார்சிஸ் பொறந்தான், வாழ்ந்தான், சாகவே இல்ல. அங்க ஒரு நார்சிஸ் செத்தான், ஆனா பொறக்கவே இல்ல. இப்ப பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரே பொண்டாட்டி."

"அந்தக் காலத்துலேயேவா சார்?"

"ரெண்டும் ஒரே ஆள், ஓடீல். அவரோட மூத்த மகன் எவாரிஸ்த் இங்கேயே இருந்தான், ருவேல்னு எழுதிக்கிட்டான். ஆன்தீம் அவன் பேரன். இளையவன் தெயோஃபில், ஸேலியாவோட தாத்தா, சேன்-மலாக்கி போயி லாதூசேர்னு இருந்துக்கிட்டான். நார்சிஸ் கடைசிக் காலத்துல சின்னவன் வீட்டுல இருந்திருக்கணும். அந்த ஊர் சாமியாருக்கு அவர் வெறும் லாதூசேர். இந்த ஊர்ல ஆம்பளை பேரு ஓடிக்கிட்டே இருக்கும். பொம்பளை பொறந்த பேரோடயே கல்யாணம் பண்ணிப் பொறந்த பேரோடயே செத்துப்போவா. ஆம்பளையைத் தேடணும்னா பொண்டாட்டியைப் பிடிக்கணும். யூஃப்ரோசின் கீரியோன் மணியிலேயும் இருக்கா, கல்லறையிலேயும் இருக்கா."

க்ளோடோமிர் ஏதோ கேட்க வாயெடுத்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. தங்க மரத்தைச் சுருட்டிக்கொண்டு, அவன் படியிறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

வால்மோர் சாமி அழுக்குக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "நானே ஏறி வந்து, நானே வெளிச்சம் காட்டி, நானே வாசிச்சேன்," என்றார். "முழங்கால் வலிக்குது. கையைக் குடும்மா."

*

நோட்டரிக்குச் செய்தி சொல்லிவிட்டு, சேன்-மலாக்கி கல்லறையையும் ஒரு நடை போய்ப் படம் பிடித்துக்கொண்டு, தோப்புக்குத் திரும்பினோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஸேலியா தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நுரையை வழித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டி வந்ததைக் கேட்டும் திரும்பவில்லை.

"யாருக்கு? சாமிக்கா, கார் கழுவுறவனுக்கா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு," என்றார் பெல்யூமேர்.

முழுக்கதையையும் நான்தான் சொன்னேன். மணி என்றதும் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். க்ளோடோமிர் பாட்டியைப் பார்த்து முழித்ததை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். அதன் பிறகு சாமி கைக்குட்டையை எடுத்ததைச் சொன்னேன். 'என்கிற' என்பதைச் சொன்னேன்.

"நானா? ருவேலா?" கோயிலில் இருக்கிற சாமான் ஒன்றுவிடாமல் அவள் வாயிலிருந்து வந்தது. "இருபது வருஷமா ருவேல் வம்சமே கஞ்ச வம்சம், அற்ப வம்சம்னு ஆன்தீம் மூஞ்சிக்கு நேரா திட்டியிருக்கேனே! அவனும் லாதூசேர்னா நாதியத்த கூட்டம்பான். எல்லாம் எங்களைத்தான் நாங்க திட்டிக்கிட்டோமா?"

"குடும்பம்னா அதுதானே மதாம்," என்றேன். "வெளியாளுங்க இவ்வளவு நல்லாத் திட்ட மாட்டாங்க."

அவள் மறுபடி சிரிக்கப்போனாள். பாதியில் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். பெல்யூமேரைப் பார்த்தாள்.

"அப்ப ஆன்தீம் எனக்கு என்ன வேணும்?"

"பங்காளி. ரெண்டு பேருக்கும் ஒரே கொள்ளுத்தாத்தா. உங்களுக்கு அண்ணன் முறை."

ஸேலியா விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். எதிரே ஆரஞ்சுப் பெயின்ட் அடித்த மரங்கள், எல்லாமே இனி அவளுடையவை. அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

"கடைசியில அவன் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, பாக்கப் போனேன்," என்றாள். "கதவு திறந்துதான் இருந்துச்சு. கட்டில்ல கிடந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தான். நர்சு பொண்ணு மறிச்சுக்கிட்டா. சொந்தக்காரங்கதான் உள்ள போலாம், நீங்க அவருக்கு என்ன வேணும்னு கேட்டா."

தொட்டியில் பாகு பொங்கிக்கொண்டிருந்தது. பெல்யூமேர்தான் எழுந்து போய் நெருப்பிலிருந்து இரண்டு விறகை வெளியே இழுத்தார்.

"அவன் காதுல விழுற மாதிரி சொன்னேன்," என்றாள் ஸேலியா. "ஒரு சொந்தமும் இல்லன்னு."